செயற்கைச் சந்திரன் கேட்ட பேராசிரியர்

சீனா தனது முதல் செயற்கைச் சந்திரனை ஆகாயத்துக்கு அனுப்பியது 1970-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டுக்கு 'நெடும் பயணம்-1' என்று பெயர்.

அப்படி ஒன்று நமக்கும் வேண்டும், நம்மாலும் முடியும் என்று சர்க்காரிடம் எடுத்துச் சொன்னவர் ஒரு பேராசிரியர். காற்றையும் மழையையும் ஆராய்ந்தவர். ஒரு முறை கேட்டார். நடக்கவில்லை. ஆறு ஆண்டு பொறுத்திருந்து மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை நடந்தது. ஆனால் ராக்கெட் கிளம்பிய இரவில் அதைப் பார்க்க அவர் இல்லை. அவர் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

அவர் பெயர் சாவோ ஜியுசாங். சீனர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். ஆகவே சாவோ என்பது குடும்பப் பெயர். அவரை ஊரும் உலகமும் அழைத்தது பேராசிரியர் சாவோ என்றுதான்.

கடைப் பையன்

சாவோ 1907-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி கைபெங் நகரில் பிறந்தார். அது சீனாவின் நடுப்பகுதியில் உள்ள பழைய தலைநகரம். வீட்டார் பரம்பரை வைத்தியர்கள். ஆனால் கையில் காசு இல்லை. பையனின் படிப்பு நின்றது. ஒரு சின்னக் கடையில் எடுபிடியாகச் சேர்த்து விட்டார்கள்.

பகல் முழுவதும் கடை வேலை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதபடி மறைத்து வைத்துக்கொண்டு விஞ்ஞானப் புத்தகம் படித்தான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு உறவினர் உதவியால் மறுபடி பள்ளிக்கூடம் போக முடிந்தது.

பீகிங் (இன்றைய பெய்ஜிங்) நகரில் சிங்குவா பல்கலைக் கழகம் இருக்கிறது. அங்கே பௌதிகம் படித்து 1933-ல் பட்டம் பெற்றார். யே சிசுன் என்ற ஆசிரியர் அவருக்கு ஒரு வழி காட்டினார். வானிலை ஆராய்ச்சியில் ஆள் இல்லை, நீ அந்தப் பக்கம் போ என்றார். சாவோ ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார். 1938-ல் பெர்லின் நகரில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

நடுவில் ஒரு சிறு சம்பவம். டாய் ஜிதாவ் என்பவர் அப்போது ஆண்ட கோமின்டாங் கட்சியில் பெரிய தலைவர். உறவு வழியில் சாவோவுக்கு வேண்டியவர். அவரிடம் சாவோ சிறிது காலம் காரியதரிசியாக இருந்தார். அரசியல் பிடிக்காமல் விட்டு விட்டுப் படிக்கப் போய்விட்டார். இது அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை. முப்பது ஆண்டு கழித்து இதுவே அவர் கழுத்தைப் பிடித்தது.

அவர் திரும்பி வந்தபோது ஜப்பான் சீனாவைத் தாக்கிக் கொண்டிருந்தது. மூன்று பெரிய பல்கலைக் கழகங்கள் மூட்டை முடிச்சோடு தென்மேற்கே குன்மிங் நகரத்துக்குப் போய் ஒரே கல்லூரியாக நடந்து வந்தன. விமானங்கள் வந்து குண்டு போடும். ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடி ஒளிவார்கள். திரும்பி வந்து பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சாவோ அங்கே வானிலைப் பாடம் நடத்தினார். முன்பெல்லாம் வானிலை என்றால் மேகத்தைப் பார்த்து, அனுபவத்தைக் கொண்டு சொல்வதுதான். காற்று ஏன் இப்படி ஓடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்றார் சாவோ.

1949-ல் ஆட்சி மாறியது. கோமின்டாங் கட்சியினர் தைவான் தீவுக்குப் போனார்கள். விஞ்ஞானிகளையும் கூடவே வரச் சொன்னார்கள். சாவோ போகவில்லை. தம் ஆராய்ச்சி சாலையோடு ஷாங்காயில் தங்கி விட்டார். மறு ஆண்டு புது சர்க்கார் அவரைப் பூமி ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவர் ஆக்கியது.

அடுத்த வீட்டுச் சந்திரன்

1957-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ரஷ்யா 'ஸ்புட்னிக்'கை அனுப்பியது. எடை 83.6 கிலோ. உலகத்தின் முதல் உபகிரகம் அதுதான். உபகிரகம் என்றால் பூமியைச் சுற்றி வரும் சிறு கோள். இயற்கை கொடுத்தது சந்திரன். மனிதன் செய்தது செயற்கைச் சந்திரன்.

அது ஏன் கீழே விழுவதில்லை? மலை உச்சியில் நின்று ஒரு கல்லைப் பக்கவாட்டில் எறிந்தால் கொஞ்ச தூரம் போய் விழும். வேகமாக எறிந்தால் இன்னும் தூரத்தில் விழும். காற்றே இல்லாத உயரத்தில், ஒரு வினாடிக்கு எட்டு கிலோ மீட்டர் வேகத்தில் எறிந்தால்? கல் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் பூமி உருண்டை அல்லவா? கல் விழ விழ, தரையும் வளைந்து விலகிப் போகும். கல் பூமியையே சுற்றி வரும். அந்த வேகம் கொடுக்கத்தான் ராக்கெட் தேவை.

சாவோவுக்கு இதில் என்ன அக்கறை? வானிலைக்காரருக்குக் காற்று மண்டலத்தின் உச்சியில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பலூன் அவ்வளவு உயரம் போகாது. உபகிரகம் போகும். எதிரியைப் பார்த்து அவர் ராக்கெட் கேட்கவில்லை. ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டார். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

1958 மே மாதம், நாமும் செயற்கைச் சந்திரன் செய்ய வேண்டும் என்று தலைவர் மா சே துங் அறிவித்தார். சீன விஞ்ஞானக் கழகம் அதை அந்த ஆண்டின் முதல் வேலையாக வைத்தது. 58-ம் ஆண்டு, வேலை எண் 1. அதனால் '581' என்று பெயர். ராக்கெட் நிபுணர் சியென் சுவேசென் குழுவுக்குத் தலைவர். சாவோ துணைத் தலைவர்.

எல்லாவற்றிலும் பாய்ச்சல் காட்ட வேண்டும் என்று நாடே பரபரத்த சமயம் அது. விஞ்ஞானிகளும் இரவு பகலாக வேலை செய்தார்கள். உபகிரக மாதிரிகளைச் செய்து கண்காட்சியிலும் வைத்தார்கள். மாதிரியைச் செய்து விடலாம். மேலே தூக்குவது யார்?

அக்டோபரில் சாவோ ஒரு குழுவோடு ரஷ்யாவுக்குப் போனார். எழுபது நாள் இருந்தார்கள். ஆராய்ச்சி நிலையங்களைச் சுற்றிக் காட்டினார்கள். உபகிரக ராக்கெட்டை மட்டும் கண்ணில் காட்டவில்லை. ஆனாலும் அந்தப் பயணம் வீண் போகவில்லை. ஒரு உபகிரகத்துக்குப் பின்னால் எத்தனை தொழிற்சாலை, எத்தனை உலோகம், எத்தனை மின்கருவி வேண்டும் என்பதை சாவோ பார்த்துக் கொண்டார்.

திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். இப்போது நம்மிடம் அந்த வசதி இல்லை. முதலில் சின்ன ராக்கெட் விட்டுப் பழகுவோம். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

எல்லோரும் முடியும் முடியும் என்று முழங்குகிற நேரத்தில் முடியாது என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். சாவோ செய்த காரியங்களில் இது பெரியது. 1959 தொடக்கத்தில் சர்க்காரே உபகிரகத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. அதன் பின் வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கான மக்கள் மாண்டார்கள். செயற்கைச் சந்திரன் பேச்சு அடங்கிப் போயிற்று.

சைக்கிள் பம்ப்

சின்ன ராக்கெட் என்றால் எவ்வளவு சின்னது? ஐந்தரை மீட்டருக்கும் குறைவான நீளம். 190 கிலோ எடை. அதைச் செய்தவர்கள் ஷாங்காயில் இருந்த இளைஞர்கள். அவர்களுக்குத் தலைமை எஞ்சினீயர் வாங் சிஜி. இந்தப் பெயரும் பின்னால் வரும்.

1960-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி ஷாங்காய்க்குப் பக்கத்தில் கடலோரத்தில் அந்த ராக்கெட்டை விட்டார்கள். எரிபொருள் நிரப்ப அழுத்தம் வேண்டும். அதற்கு எந்திரம் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து அடித்தார்கள்! ஆட்களுக்குள் பேசிக் கொள்ள டெலிபோன் வசதி இல்லை. தொண்டை கிழியக் கத்தினார்கள். கேட்காத தூரத்துக்குக் கையை ஆட்டிச் சைகை காட்டினார்கள்.

ராக்கெட் எட்டு கிலோ மீட்டர் உயரம் போயிற்று. பயணிகள் விமானம் பறக்கும் உயரம் கூட இல்லை. ஆனால் போயிற்று.

அன்றிலிருந்து படிப்படியாக உயரம் கூடியது. ஆகாயத்தின் உயரத்தில் காற்றின் அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளக்கும் கருவிகளை சாவோவின் ஆட்கள் செய்து தந்தார்கள். 1964-ல் வெள்ளெலிகள் ராக்கெட்டில் போய் வந்தன. 1966 ஜூலையில் சியாவோ பாவ், ஷான் ஷான் என்ற இரண்டு நாய்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய் உயிரோடு இறங்கின.

மாணவர்களுக்கு உபகிரகப் பாடத்தையும் சாவோ நிறுத்தவில்லை. பூமியைச் சுற்றியுள்ள கதிர் வளையங்கள், பூமியின் காந்த சக்தி எல்லாவற்றையும் ஆராய ஆட்களைத் தயார் செய்தார். என்றைக்காவது ஒரு நாள் தேவைப்படும் என்பது அவர் கணக்கு.

பிரதமருக்குக் கடிதம்

1964-ல் அந்த நாள் வந்தது. ஜூன் மாதம் சீனா தானே செய்த ஏவுகணை சரியாகப் பறந்தது. அக்டோபர் 16-ந் தேதி அணுகுண்டு வெடித்தது. சாவோ கோபி பாலைவனத்தில் உள்ள ஜியுசுவான் ஏவுதளத்துக்குப் போய்ப் பார்த்தார். ஏவுகணைகளின் பலம் எவ்வளவு என்று அங்கே தெரிந்து கொண்டார். ஆறு ஆண்டுக்கு முன் இல்லை என்று சொன்ன வசதி இப்போது வந்து விட்டது!

டிசம்பர் மாதம் பீகிங்கில் மக்கள் சபை கூடியது. சாவோ அதில் ஒரு அங்கத்தினர். பிரதமர் சூ என்லாய்க்கு ஒரு கடிதம் எழுதி அங்கே சேர்ப்பித்தார். அதில் கெஞ்சல் இல்லை. கணக்கு இருந்தது. நெடுந்தூர ஏவுகணை செய்யத்தான் போகிறோம். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் போகிறோம். அந்த வேலையோடு உபகிரக வேலையையும் சேர்த்துக் கொண்டால் ஒரே செலவில் இரண்டும் முடியும். இதுதான் அவர் எடுத்துக் காட்டிய வழி.

மறு மாதம், அதாவது 1965 ஜனவரியில், சியென் சுவேசென்னும் அதே கருத்தைத் தனியாக எழுதி அனுப்பினார். பிரதமர் சம்மதித்தார். 65-ம் ஆண்டு முதல் மாதத்தில் பிறந்ததால் புதுத் திட்டத்துக்கு '651' என்று பெயர்.

அக்டோபரில் எல்லா நிபுணர்களும் ஒரே இடத்தில் கூடிப் பேசினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 42 நாள்! முதல் உபகிரகம் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே நாலு கட்டளை பிறந்தது. மேலே ஏற வேண்டும். ஏறியதைத் தரையில் இருந்து பின்தொடர முடிய வேண்டும். அது பாடுவது காதில் கேட்க வேண்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

1966 ஜனவரியில் உபகிரகம் வடிவமைக்கும் நிலையம் ஏற்பட்டது. அதன் தலைவர் சாவோ. அவருக்கு வயது 58. கேட்டது கைக்கு வந்தது.

கழுத்தில் அட்டை

நாலே மாதத்தில் புயல் அடித்தது. 1966 மே மாதம் மா சே துங் 'கலாசாரப் புரட்சி' தொடங்கினார். படித்தவர்கள், பேராசிரியர்கள், பழைய அதிகாரிகள் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். மாணவர்களே ஆசிரியர்களை மேடையில் நிற்க வைத்து வைதார்கள், அடித்தார்கள்.

சாவோ மீது என்ன குற்றம்? ஜெர்மனியில் படித்தவர். பழைய ஆட்சியில் உத்தியோகம் பார்த்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, வாலிபத்தில் கோமின்டாங் தலைவருக்குக் காரியதரிசியாக இருந்தவர்! தைவானுக்குப் போகாமல் நின்றவர் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பதவி போயிற்று. கழுத்தில் அட்டையை மாட்டிக் கூட்டத்தின் முன் நிறுத்தினார்கள். அறுபது வயது மனிதர் உடல் உழைப்புக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய வேலை வேறு கைகளுக்கு மாறியது. 1968 பிப்ரவரியில் எல்லா உபகிரக வேலையும் ஒரு புதுக் கழகத்தின் கீழ் வந்தது. அதில் சாவோவுக்கு இடம் இல்லை.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. அவருக்கு வழி காட்டிய ஆசிரியர் யே சிசுன் சிறைக்குப் போனார். ராக்கெட்டுக்கு வேண்டிய உலோகங்களில் பெரிய நிபுணர் யாவோ தோங்பின். அவரை 1968 ஜூன் 8-ந் தேதி ஒரு கும்பல் அடித்தே கொன்று விட்டது. செய்தி கேட்ட சூ என்லாய் அதிர்ந்து போனார். முக்கிய விஞ்ஞானிகளைக் காப்பாற்ற ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார்.

சாவோவைக் காப்பாற்ற எந்தப் பட்டியலும் உதவவில்லை. 1968 அக்டோபர் மாதக் கடைசியில், ஓர் இரவில், அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக் கொண்டார். 61 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. மனைவியையும் இரண்டு பெண் மக்களையும் விட்டுப் போனார்.

மூன்று அடுக்கு வாணம்

வேலை மட்டும் நிற்கவில்லை.

'நெடும் பயணம்-1' ராக்கெட்டை எப்படிச் செய்யலாம் என்று முதலில் வழி சொன்னவர் அந்த சைக்கிள் பம்ப் வாங் சிஜிதான். ராணுவத்துக்காக இரண்டு அடுக்கு ஏவுகணை ஒன்று தயாராகிக் கொண்டிருந்தது. அதன் தலையில் மூன்றாவது அடுக்கு ஒன்றை வைத்தால் உபகிரக ராக்கெட் ஆகி விடும் என்றார். சாவோ கடிதத்தில் எழுதிய சிக்கன வழியும் இதே போக்குத்தான். பிறகு வேலை ரென் சின்மின் என்ற நிபுணரின் கைக்கு மாறியது. அவர் முடித்து வைத்தார்.

ராக்கெட்டின் உயரம் சுமார் 30 மீட்டர். எடை சுமார் 81 டன். கீழ் அடுக்கில் நாலு எஞ்சின்கள். அது எரிந்து தீர்ந்ததும் கழன்று விழும். இரண்டாவது அடுக்கு எரியும். இரண்டுக்கும் திரவ எரிபொருள். மூன்றாவது அடுக்கு நம் வாணத்தைப் போல கெட்டி மருந்து அடைத்தது. அந்த அடுக்கைப் பம்பரம் போலச் சுழல விட்டு, பிறகு பற்ற வைக்க வேண்டும். சுழலும் பம்பரம் சாயாது அல்லவா?

காற்றே இல்லாத உயரத்தில் அந்த மருந்து பற்றுமா என்பது எல்லோருக்கும் சந்தேகம். சோதித்துப் பார்க்க என்ன செய்தார்கள் தெரியுமா? ஆகாயத்தை அளக்க விட்டார்களே, அதே சின்ன ராக்கெட்டின் தலையில் அதை வைத்து 1968 ஆகஸ்டில் அனுப்பினார்கள். பற்றியது! சின்ன ராக்கெட் விட்டுப் பழகுவோம் என்று பத்து ஆண்டுக்கு முன் சாவோ சொன்ன யோசனை அங்கே பலித்தது. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். ஆனால் ஆராய்ச்சி சாலையில் இல்லை.

ராக்கெட் தொழிற்சாலையிலோ இரண்டு கோஷ்டிகள் சண்டை போட்டுக் கொண்டிருந்தன. பிரதமரே தலையிட்டுத்தான் எஞ்சின் சோதனை நடந்தது. 1969 நவம்பரில் இரண்டு அடுக்கை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். தோல்வி. 1970 ஜனவரி 30-ந் தேதி மறுபடி விட்டார்கள். வெற்றி.

ஆனால் பன்னிரண்டே நாளில், பிப்ரவரி 11-ந் தேதி, ஜப்பான் தன் உபகிரகத்தை அனுப்பி விட்டது. ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் என்று நாலு இடமும் போயிற்று. சீனாவுக்குக் கிடைத்தது ஐந்தாவது இடம்.

1970 ஏப்ரல் 24-ந் தேதி இரவு 9 மணி 35 நிமிடத்துக்கு ஜியுசுவான் பாலைவனத்தில் ராக்கெட் கிளம்பியது. 13 நிமிடத்தில் உபகிரகம் தனியே பிரிந்தது. எடை 173 கிலோ. ஸ்புட்னிக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அது பூமியைச் சுற்ற 114 நிமிடம். சுற்றிக் கொண்டே மா சே துங்கைப் புகழும் 'கிழக்கு சிவக்கிறது' என்ற பாட்டின் மெட்டை ரேடியோவில் ஒலித்தது. நாலு கட்டளையில் காதில் கேட்பது நிறைவேறியது.

கண்ணுக்குத் தெரிவது எப்படி? ஒரு மீட்டர் உருண்டையை அவ்வளவு உயரத்தில் வெறும் கண்ணால் பார்ப்பது கஷ்டம். அதற்கு ஒரு உபாயம் செய்தார்கள். கூடவே சுற்றி வரும் மூன்றாவது அடுக்கின் இடுப்பில் பளபளக்கும் பாவாடை ஒன்றைச் சுருட்டிக் கட்டி விட்டார்கள். மேலே போனதும் அது விரிந்தது. சூரிய ஒளி பட்டு மின்னியது. ஜனங்கள் தெருவில் கூடி நின்று நட்சத்திரம் போல நகர்ந்த அதைத்தான் பார்த்தார்கள்.

இரண்டாவது பயணம்

ஒன்று மட்டும் அந்த உபகிரகத்தில் இல்லை. ஆகாயத்தை அளக்கும் ஆராய்ச்சிக் கருவிகள் இல்லை. சாவோ இருந்த காலத்தில் போட்ட திட்டத்தில் அவை இருந்தன. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பிறகு எடுத்து விட்டார்கள். பாட்டு மட்டும் மிஞ்சியது. மே மாதமே பாட்டரி தீர்ந்து பாட்டும் நின்றது. பேசாத உபகிரகம் இன்றும் பூமியைச் சுற்றிக் கொண்டிருக்கிறது.

கலாசாரப் புரட்சி ஓய்ந்த பிறகு சாவோ மீது சுமத்திய பழியை சர்க்கார் நீக்கியது. 1985-ல் முதல் உபகிரகத்துக்காகக் கொடுத்த தேசியப் பரிசில் அவர் பெயரை முதலாவதாகப் போட்டார்கள். 1999-ல் அணுகுண்டும் ராக்கெட்டும் உபகிரகமும் செய்த 23 பேருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவர்களில் சாவோவும் உண்டு, அடித்துக் கொல்லப்பட்ட யாவோ தோங்பின்னும் உண்டு. வானத்தில் ஒரு சிறு கோளுக்கும் சாவோவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதன் எண் 7811.

'நெடும் பயணம்-1' ராக்கெட் இரண்டே முறைதான் உபகிரகம் சுமந்தது. இரண்டாவது முறை 1971-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி. அன்று போன 'ஷிஜியான்-1' பாட்டுப் பாடவில்லை. எடை 221 கிலோ. மேலே உள்ள கதிர்களையும் காந்த சக்தியையும் அளக்கும் கருவிகள் அதில் இருந்தன. மின்சாரத்துக்குச் சூரிய ஒளித் தகடுகள் இருந்தன. ஒரு வருஷம் உழைத்தால் போதும் என்று எண்ணி அனுப்பினார்கள். அது 1979 ஜூன் மாதம் வரை, எட்டு வருஷத்துக்கு மேல், ஆகாயத்தை அளந்து கணக்கு அனுப்பிக் கொண்டிருந்தது.